சாயப்பட்டறையில் மாஸ்டரின் நோட்டைத் திறக்க வைப்பது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் ஒரு டையிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போனால், அடுத்த இரண்டு மாதத்துக்கு அந்தப் பட்டறையில் ஷேடு (துணியில் வரும் நிறம்) ஆட்டம் காட்டும். ரெசிபி கம்ப்யூட்டரில் இருக்கும். மெஷின் பழைய மெஷின்தான், கலரும் அதே கம்பெனிக் கலர்தான். இருந்தும் டாப்பிங் (ஷேடைச் சரிசெய்யக் கூடுதலாகச் சேர்க்கும் கலர்) போடாமல் ஒரு லாட் (ஒரே தடவையில் மெஷினில் ஏற்றும் துணி) இறங்காது. கம்ப்யூட்டரில் இருப்பது லேப் ரெசிபி. இத்தனை நாள் துணியை ஒழுங்காக இறக்கித் தந்தது மாஸ்டர் சட்டைப்பையில் இருந்த நோட்டு.

அந்த நோட்டைக் கேட்டு வாங்க முடியாது. ராத்திரி நகல் எடுத்தாலும் பாதிதான் புரியும். நோட்டுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து விளக்கினால்தான் உண்டு, அவர் விளக்குவாரா என்பது நம்பிக்கையைப் பொறுத்தது. நம்பிக்கை என்றதும் நல்ல மனசு, பழக்கவழக்கம், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் என்று போய்விடுகிறோம். பட்டறைத் தளத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: தெரிந்ததைச் சொன்னவனுக்குச் சொன்னதால் நஷ்டம் வரக் கூடாது. அதற்கான ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே. 40 முதல் 80 பேர் வரை வேலை செய்கிற, பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிற பட்டறையை வைத்து எழுதியிருக்கிறோம். ஃபவுண்டரி போன்ற மற்றத் தொழில்காரர்கள் எண்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நோட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது

ஒரு லாட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். 400 கிலோ சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, நேவி ப்ளூ. தண்ணீர் விகிதம் 1:8, அதாவது 3,200 லிட்டர். லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்றால் 256 கிலோ, 20 கிராம் சோடா என்றால் 64 கிலோ. தாளில் கணக்கு சரி.

ஆனால் ப்ளீச் முடித்து வடித்த துணி காய்ந்த துணி அல்ல. தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 400 கிலோவுக்கு 900 லிட்டர் என்று வையுங்கள். இரண்டாம் நம்பர் மெஷினில் ஹெல்பர் லெவல் குழாயைப் பார்த்து நிரப்புகிறார், ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கிறது. மூன்றாம் நம்பரில் லெவல் குழாய் கறை பிடித்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஃப்ளோ மீட்டரை 3,200-க்கு வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். உள்ளே இப்போது 4,100 லிட்டர். விகிதம் 1:10-ஐத் தாண்டிவிட்டது. உப்பு லிட்டருக்கு 62 கிராமாக இறங்கிவிட்டது, சோடா 16-க்கும் கீழே. நேவி வெளிறித்தான் வரும்.

மாஸ்டர் இதை நாலைந்து லாட்டிலேயே பிடித்துவிடுவார். அவர் நோட்டில் ஒரு வரி ஏறும்: “3-ம் நம்பர், டார்க்குக்குக் கலர் 6% கூட, உப்பு ஒன்றரை மூட்டை கூட.” அதன்பிறகு ஷேடு சரியாக வரும், பார்ட்டி சந்தோஷப்படுவார், முதலாளிக்கு மாஸ்டர் கைராசிக்காரர். ஒவ்வொரு டார்க் லாட்டுக்கும் 75 கிலோ உப்பும் 900 லிட்டர் தண்ணீரும் வீணாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதில் யாருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். வெளிறுகிறது என்பது மாஸ்டருக்குத் தெரியும், காரணம் தெரியாது. மீட்டர் வைத்து நிரப்புவது ஹெல்பருக்குத் தெரியும், அதனால் ஷேடு கெடும் என்பது தெரியாது. குழாயைக் கழற்றி ஆசிட்டில் கழுவினால் அரை மணி நேர வேலை என்பது ஃபிட்டருக்குத் தெரியும், அது யாருக்கு வேண்டும் என்பது தெரியாது. மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். பெரிய பெரிய கருத்தரங்கில் பேசப்படும் புதுமை என்பது பாதி நேரம் இந்த மூன்று பேரை ஒரு மேஜையில் உட்கார வைப்பதுதான்.

இதே வகையில் ஒளிந்திருப்பவை இன்னும் சில. சோடாவை 30-40 நிமிடத்தில் சிறுகச் சிறுக விட வேண்டிய இடத்தில், ஷிப்ட் முடியப்போகிறது என்று பத்து நிமிடத்தில் விட்டுவிடுவது (துணி திட்டுத் திட்டாக வரும்). ப்ளீச்சுக்குப் பிறகு பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்காமலே சாயத்தை ஏற்றுவது (சாயம் செத்து வெளிறும்). டேங்கர் தண்ணீர் வந்த நாளில் கடினத்தன்மை பார்க்காமல் விடுவது. டர்க்காய்ஸை 80 டிகிரிக்குக் கொண்டுபோகாமல் மற்ற கலரைப் போல் 60-லேயே ஓட்டி, இறுக்கிப் பின்னிய துணியில் சீரில்லாமல் வாங்குவது. எல்லாமே யாரோ ஒருவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

முதல் வேலை: அபராதத்தை எடுப்பது

லாட் கெட்டால் ஆப்பரேட்டர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் உள்ள பட்டறையில் மற்ற எந்த முயற்சியும் வேலைக்கு ஆகாது. தப்பைச் சொன்னால் 500 ரூபாய் போகும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், ‘துணியே அப்படித்தான் வந்துச்சுங்க’ என்பார்கள். சட்டமும் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அபராதம் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்கூட்டி அறிவித்த தவறுகளுக்கு மட்டுமே போடலாம், அதுவும் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்ட பிறகே.

அபராதத்தை எடுத்தால் கட்டுப்பாடு போய்விடாதா என்ற கேள்வி உடனே வரும். அதற்கு அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் நடக்கும் ஏற்பாட்டைப் பார்க்கலாம். விமானியோ தரைக் கட்டுப்பாட்டாளரோ செய்த தவறை 10 நாளுக்குள் தானே எழுதிக் கொடுத்தால், அந்த மீறலுக்கு அபராதமோ உரிம இடைநிறுத்தமோ விதிக்க மாட்டார்கள். எழுதிக் கொடுப்பது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்துத் துறையிடம் அல்ல, நாசாவிடம். பெயரை எடுத்துவிட்டுத்தான் விவரம் வெளியே போகும். வேண்டுமென்றே செய்தது, குற்றச்செயல், விபத்து ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. காலக்கெடு, தண்டிக்காத கை, தெளிவான விலக்குகள் ஆகிய மூன்றையும் அப்படியே பட்டறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சுவரில் ஒட்ட வேண்டியது இவ்வளவுதான்:

– அதே ஷிப்ட் முடிவதற்குள் சொன்ன தவறுக்குப் பிடித்தம் இல்லை. லாட் முழுக்கப் போனாலும் இல்லை.
– குடித்துவிட்டு வேலை, திருட்டு, சூடான மெஷினின் பாதுகாப்பு லாக்கைக் கழற்றி ஓட்டுவது, எடை போட்டதாகப் பொய்யாக எழுதுவது: இவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.
– சொல்ல வேண்டியது லேபில் இருப்பவரிடம். மாஸ்டரிடமோ முதலாளியிடமோ சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

மூன்றாவது வரியை நிறையப் பேர் தவிர்த்துவிடுகிறார்கள், அங்கேதான் ஏற்பாடு படுக்கிறது. சம்பளம் போடும் கையும் தவறைக் கேட்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. முதலாளியின் மச்சினனை உட்கார வைத்தால் அதுவும் முதலாளி கைதான்.

விதியை ஒட்டிய இரண்டு வாரத்துக்குள் ஒரு பரீட்சை வரும். யாரோ ஒருவர் 300 கிலோ லாட்டைக் கெடுத்துவிட்டுத் தானே வந்து சொல்வார். மற்ற 50 பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு, “ஏப்பா, கண்ணு எங்க வெச்சிருந்தே?” என்று கேட்டால் கதை முடிந்தது. “எந்த நேரத்துல கவனிச்சீங்க? அப்போ மெஷின்ல டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுச்சு?” என்று கேளுங்கள். கோபம் வந்தால் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது மேல். உண்மையாகவே சொல்கிறோம், பல பட்டறைகளுக்கு இந்த ஏற்பாட்டின் மொத்தச் செலவே அந்த ஒரு லாட்தான்.

லாட் சீட்டு

தவறைச் சொல்லப் பெரிய படிவம் வேண்டாம். அரைத்தாள் போதும். லாட்டோடு கூடவே ரோலில் கட்டிப் போகிற சீட்டின் பின்பக்கத்தைப் பயன்படுத்தலாம். முன்பக்கத்தில் துணி வகை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), எடை, நூல் லாட் எண், மெஷின் எண், தண்ணீர் லிட்டர், தண்ணீரின் கடினத்தன்மை, சாயத்துக்கு முன் பிஎச், பெராக்சைடு ஸ்ட்ரிப் காட்டியது, உப்பு, சோடா, சோடா விட்ட நிமிடம். பின்பக்கத்தில் இரண்டே கேள்வி: ‘ரெசிபியில் இல்லாமல் என்ன செய்தீர்கள்?’ ‘எங்கே சந்தேகம் வந்தது?’

‘ஏன் தவறு நடந்தது’ என்று அச்சடிக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் வக்கீல் பதில்தான் வரும். என்ன செய்தீர்கள் என்றால், ‘10 கிலோ உப்பு கூடப் போட்டேன்’ என்று வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

தண்ணீர், பிஎச், கடினத்தன்மை ஆகியவற்றை ‘ஓகே’ என்று எழுத விடக் கூடாது, எண் வேண்டும். சாயத்துக்கு முன் பிஎச் 6 முதல் 6.5 வரை, கடினத்தன்மை 50 பிபிஎம்-க்குள் என்ற வரம்பைச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டால் வரம்பைத் தாண்டிய எண் தானாகக் கண்ணில் படும். ஆனால் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணை எழுதியவரை அதற்காக ஒரு தடவை திட்டினால், மறுநாளிலிருந்து எல்லாச் சீட்டிலும் 6.2 என்றே இருக்கும். தொடர்ந்து பத்துச் சீட்டில் ஒரே எண் இருந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

தளத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பார்கள். தமிழில் மட்டும் சீட்டு அடித்தால் பட்டறையில் பாதிப் பேருக்கு வாய் இல்லை. ஒடியா, இந்தி வரிகளையும் சேர்த்து அடியுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்ல, அவர்களிலேயே ஒருவர் எழுதட்டும். மேஸ்திரியை எழுத வைத்தால் மேஸ்திரிக்குப் பிடித்தது மட்டும்தான் சீட்டில் ஏறும்.

இதை வாட்ஸ்அப் குரூப்பில் செய்யலாமா என்று கேட்பார்கள். தகவல் போட வசதிதான். ஆனால் முதலாளி ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், மறுநாள் குரூப்பில் குட்மார்னிங் படம் மட்டும்தான் வரும். தவறுக்குத் தாள், அவசரத்துக்கு போன், அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸ்அப் என்று பிரித்துவிடுவது நல்லது.

மாஸ்டரிடம் பேசும் விதம்

சீட்டு ஓடத் தொடங்கி ஆறு வாரமாவது ஆகட்டும். அதற்கு முன் நோட்டைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். ஹெல்பருக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறதா என்று மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மறைப்பதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 20 வருடம் நின்று சேர்த்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், பாதிச் சம்பளத்துக்கு ஒரு டிப்ளமோ பையனை வைத்து ஓட்டலாம் என்று முதலாளிக்குத் தோன்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வாய்வார்த்தை உத்தரவாதம் ஆகாது. எழுத்தில் மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்.

ஒன்று, காலம். நோட்டை ஏற்றும் வேலை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சம்பளம் குறையாது, முதலாளி தரப்பில் நிறுத்தினால் ஆறு மாதச் சம்பளம் என்பது போல. எண் உங்கள் வசதி. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, பெயர். ஏற்றும் ஒவ்வொரு ரெசிபியிலும் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். யார் திருத்தினாலும் அவர் பெயர் அடுத்த வரியில் சேரும், முதல் பெயர் அழியாது. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஷேடு நன்றாக வந்தபோதெல்லாம் பேரை மேனேஜர் தட்டிக்கொண்டு போனதை மாஸ்டர் மறந்திருக்க மாட்டார்.

மூன்று, பணம். இங்கேதான் பெரும்பாலோர் தப்புச் செய்கிறார்கள். ரெசிபி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசினால் பழைய, ஓடாத, யாருக்கும் வேண்டாத ஷேடெல்லாம் மூட்டையாக வரும். கொடுக்க வேண்டியது வேறு கணக்கில்: மாஸ்டர் இல்லாத ஷிப்டில், வேறொரு ஆப்பரேட்டர் அந்த ரெசிபியை வைத்துத் தொடர்ந்து மூன்று லாட்டை டாப்பிங் இல்லாமல் இறக்கினால்தான் தொகை. மூன்று லாட்டிலும் ஸ்டாண்டர்டோடு டெல்டா ஈ (நிற வித்தியாசத்தின் அளவு) 1-க்குள் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் மாஸ்டரே அந்த ஆப்பரேட்டர் பக்கத்தில் நின்று, எழுத மறந்ததையெல்லாம் சொல்லிக் கொடுப்பார். தொகையை மாஸ்டருக்கும் ஆப்பரேட்டருக்கும் பங்கு போடுங்கள், இருவருக்கும் சம பங்கு இருந்தால் சண்டை குறையும்.

பணம் எங்கிருந்து வரும்? ரீடையிங்கில் மிச்சமாவதிலிருந்து. கெட்ட லாட்டை உரித்து மறுபடி சாயம் போட்டால் சாயம், நீராவி, தண்ணீர், சுத்திகரிப்புச் செலவு எல்லாம் இரண்டாவது தடவை. மெஷின் எட்டு, பத்து மணி நேரம் அடைபடும், துணியும் வலு இழக்கும். தொடங்குவதற்கு முன் மூன்று மாத ரீடையிங் கணக்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைகிற தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தளத்துக்கு என்று வைத்தாலே நல்ல தொகை.

நோட்டை ஏற்றும்போது மாஸ்டரிடம், ‘என்ன ரெசிபி’ என்று கேட்காதீர்கள். ‘லேப் ரெசிபியை எங்கே மாற்றுவீங்க, மாஸ்டர்?’ என்று கேளுங்கள். அவரிடம் உள்ள விஷயம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும், அது கலருக்கா, துணிக்கா, மெஷினுக்கா, தண்ணீருக்கா என்று ஒரு குறி போடுங்கள். மெஷினுக்கு என்று குறி விழுந்ததெல்லாம் ஃபிட்டருக்குப் போக வேண்டிய பட்டியல். மூன்றாம் நம்பர் லெவல் குழாய் அப்போது வெளியே வரும்.

குழாயைச் சுத்தம் செய்த அன்றே அந்த 6 சதவீதத்தையும் ஒன்றரை மூட்டையையும் ரெசிபியிலிருந்து எடுக்க மறந்துவிட்டால் அடுத்த நேவி கருப்புக்குப் போய்விடும். ‘மாஸ்டர் ரெசிபியே தப்பு’ என்று பேச்சுக் கிளம்பும். ஆறு வாரம் சேர்த்த நம்பிக்கை ஒரு லாட்டில் போய்விடும். மெஷினில் கை வைத்தால் அந்த மெஷினின் ரெசிபிகளைப் பூட்டிவிட்டு, லைட், மீடியம், டார்க் என ஒவ்வொன்றிலும் சின்ன லாட் ஓட்டிப் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஆசைக்கு எழுதக் கூடாத ஒன்று உண்டு: ‘வேலையை விட்டால் ஐந்து வருடத்துக்கு வேறு பட்டறையில் சேரக் கூடாது.’ 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகு அவரைக் கட்டிப்போட அந்தத் தாள் உதவாது, அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வாய் மூடிக்கொள்வது மட்டும் நடக்கும். பார்ட்டியின் ஷேடு ஸ்டாண்டர்ட், விலை, ஆர்டர் அளவு ஆகியவற்றை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் எழுதுங்கள். கைத்திறமை அவருடையது. அது அவரோடுதான் போகும்.

வாரம் இருபது நிமிடம்

இரண்டு ஷிப்டும் ஒன்றாக இருக்கும் நேரத்தில், ஷிப்ட் மாறும்போது, வாரம் ஒரு நாள். லைட் பாக்ஸ் பக்கத்திலேயே நின்றபடி நடக்கட்டும், உட்கார்ந்தால் இழுக்கும். அந்த வாரத்தின் மூன்று லாட்டின் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நன்றாக வந்த ஒன்று, டாப்பிங் போட்ட ஒன்று, ஏன் அப்படி வந்தது என்று யாருக்கும் புரியாத ஒன்று. பகல் வெளிச்சமான டி65-லும் கடை வெளிச்சமான டிஎல்84-லும் காட்டுங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிகிற துண்டைக் கண்ணால் பார்த்த ஹெல்பருக்கு, ஸ்டோரில் ஒரு கலர் தீர்ந்தால் ஏன் வேறு கம்பெனிக் கலரை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மறுபடி விளக்க வேண்டியிருக்காது.

பேசும் வரிசை முக்கியம். ஹெல்பர் முதலில், ஆப்பரேட்டர் அடுத்து, மாஸ்டர் கடைசியில். மாஸ்டர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. முதலாளி மாதம் ஒரு தடவை வந்தால் போதும், வந்தாலும் கடைசி ஐந்து நிமிடம்.

புது முயற்சிக்கு நஷ்டக் கணக்கு

சீட்டும் கூட்டமும் ஓடினால் யோசனை வரத் தொடங்கும். வந்த யோசனையைச் சோதித்துப் பார்க்க இடமும் பணமும் முன்கூட்டி ஒதுக்கியிருக்க வேண்டும். மாதச் சாயம்-கெமிக்கல் செலவில் அரை சதவீதத்தைச் சோதனைக் கணக்கு என்று தனியாக எழுதுங்கள். அந்தத் தொகைக்குள் கெட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

உதாரணமாக, ப்ளீச்சுக்குப் பிறகு இரண்டு சூட்டு வாஷை எடுத்துவிட்டு, பெராக்சைடு கொல்லும் கேட்டலேஸ் என்சைமை வைத்து ஒரே பாத்தில் (ஒரு தடவை நிரப்பிய தண்ணீரில்) முடிக்கலாம் என்று ஒரு ஆப்பரேட்டர் சொல்கிறார். மற்ற பட்டறைகளில் பழகிய முறைதான், ஆனால் இந்தப் பட்டறைக்குப் புதிது. படி இப்படிப் போகலாம். முதலில் லேபில் 10 கிராம் துணி. பிறகு சாம்பிள் மெஷினில் 10 கிலோ. பிறகு 100 கிலோ, வெளிர் ஷேடில், அவசரமில்லாத ஆர்டரில், பார்ட்டியிடம் சொல்லிவிட்டு. வெளிர் ஷேடு ஏன் என்றால் பெராக்சைடு மிச்சம் இருந்தால் அதில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் நிறுத்தும் கோட்டை முன்பே எழுதி வைக்க வேண்டும்: ஸ்ட்ரிப்பில் நிறம் தெரிந்தால் நிறுத்து, டெல்டா ஈ 1-ஐத் தாண்டினால் நிறுத்து. இது பெரும்பாலும் தோற்கிற இடம் வெப்பம். பாத் 50 டிகிரிக்கு ஆறும் முன் என்சைமை விட்டால் அது செத்துவிடும், அல்லது காரம் கழுவி பிஎச்சை 7 பக்கம் கொண்டுவராமல் விடுவார்கள். தோற்ற சோதனையின் சீட்டையும் ஃபைலில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வருகிறவர் அதே குழியில் விழ வேண்டாம்.

நிட்டிங்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே

துணியில் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் எக்ஸ்போர்ட்டர் சாயப்பட்டறைக்கு டெபிட் நோட் (பில்லில் பிடித்தம்) போடுவார். பல நேரம் காரணம் நிட்டிங்கில் இரண்டு நூல் லாட் கலந்தது. சாயம் போடாத துணியில் அது கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறிய பிறகுதான் தெரியும். நூல் பத்தாமல் வேறு லாட் கோனை ஏற்றிய நிட்டிங்காரருக்கு அது அன்றைக்கே தெரியும். சொன்னால் டெபிட், சொல்லாவிட்டால் சாயப்பட்டறை தலையில். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இங்கேயும் அதே வைத்தியம்தான். ஜாப் ஒர்க் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: துணி சாயத்துக்கு ஏறும் முன் நூல் லாட் மாறியதைச் சொல்லி அந்த ரோலில் குறி போட்டால் டெபிட் கிடையாது, ரோலைத் தனி லாட்டாகப் பிரிக்கும் செலவை மூன்று தரப்பும் பங்கு போடும். சொல்லாமல் விட்டு, பின்னால் நூல் லாட் கலந்தது தெரிந்தால் முழு டெபிட். ரோல் டேக்கில் நூல் லாட் எண் இல்லாமல் துணியை இறக்கவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜாப் ஒர்க் பில்லை நாலு மாதம் இழுப்பவருக்கு எந்த நிட்டிங்காரரும் முன்கூட்டி எதையும் சொல்ல மாட்டார். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதிக் காரியம் நடக்கும்.

போட்டிப் பட்டறையோடு எதைப் பகிர்வது

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது என்ற நிலையில், தனித்தனியாக யாரும் தப்பியிருக்க முடியாது. கழிவுநீரிலிருந்து தண்ணீரை மீட்பதோடு, உப்புக் கரைசலையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை அருள்புரம் பொது நிலையத்தில் செய்து காட்டப்பட்ட பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. அப்படி மீட்ட கரைசலில் சாயம் போட, அன்றன்றைக்கு அதில் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு, கடினத்தன்மை எவ்வளவு, மிச்சக் கலர் எவ்வளவு என்ற எண்கள் நம்பும்படி கைக்கு வர வேண்டும். நிலையத்தில் ஒருவர் எண்ணை மாற்றி எழுதினால் அத்தனை பட்டறையிலும் ஷேடு ஆடும். போட்டியாளர்கள் பகிர்ந்துதான் ஆக வேண்டியவை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் இல்லை.

பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்து ஒரு சின்னக் குழு வைப்பதானால் ஆறு முதல் எட்டுப் பட்டறை போதும். பகிரத் தக்கவை: தண்ணீர், கழிவுநீர் எண்கள், எந்த கெமிக்கல் லாட் வலுக் குறைந்து வந்தது, மெஷின் பழுதும் மருந்தும், பாய்லர் விஷயங்கள், ரீடையிங் சதவீதம். தொடக் கூடாதவை: பார்ட்டி பெயர், ஷேடு, விலை, ஆள் சம்பளம். ரீடையிங் சதவீதம் போன்ற மானப் பிரச்சினை எண்களை ஒருவருக்கொருவர் நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள். வெளி லேப்காரர் அல்லது ஆடிட்டர் ஒருவரிடம் மூடிய கவரில் கொடுத்து, பெயரில்லாமல் பட்டியலாக வாங்குங்கள். தன் எண் எது என்று அவரவருக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் மூன்று தடவை எண் கொடுக்காமல் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டால் நாலாவது தடவை அவருக்குப் பட்டியல் கிடையாது. இதை முதல் நாளே பேசி வைக்காவிட்டால் அப்புறம் சொல்ல வாய் வராது.

எதை எண்ணுவது

மாதம் நான்கு எண் போதும். முதல் தடவையிலேயே ஷேடு வந்த லாட் சதவீதம். தவறு நடந்ததற்கும் அது காதுக்கு வந்ததற்கும் இடையிலான சராசரி நேரம். கம்ப்யூட்டரில் ஏற்றிய ரெசிபிகளில் மாஸ்டர் இல்லாத ஷிப்டில் சரியாக இறங்கியவை எத்தனை என்பது. வந்த சீட்டுகள்.

கடைசி எண் முதல் மூன்று மாதத்தில் ஏறும். பயந்துவிடாதீர்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கிற வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

சீட்டு ஏறிக்கொண்டே வந்து திடீரென்று ஒரு மாதம் நின்றுவிட்டால், ‘இனிமேல் தவறே நடக்கவில்லை’ என்று மேனேஜர் சொல்வார். அந்த மாதத்துச் சம்பளப் பதிவேட்டை எடுத்துப் புரட்டுங்கள். எங்காவது ஒரு வரியில் ஒரு பிடித்தம் விழுந்திருக்கும்.